மதர்போர்டில் மதுரைத் திட்டம்

இந்த வாரம் இந்தப் பத்தியாளருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. திரை நொறுங்கி, கீல் முறிந்து, இரண்டு வருடமாகப் பரணில் கிடந்த லேப்டாப்பின் மதர்போர்டு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு சர்வராக ஓடத் தொடங்கியது.

பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுவதும் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைப்பதும் வாங்கியவருக்குச் செய்யும் அநியாயம் என்று இந்தப் பத்தி எத்தனை முறை சொல்லியிருக்கிறது என்பதைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் அறிவார்கள். வேறு மாதிரியும் தொழில் நடத்தலாம். அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2022-இல் தன் லேப்டாப்பின் மதர்போர்டைத் தனியாக விற்கத் தொடங்கியது. அதற்குப் பெட்டி செய்துகொள்வதற்கான அளவு வரைபடங்களையும் இலவசமாக வெளியிட்டது. அந்தப் போர்டுக்கு பேட்டரியும் வேண்டாம், திரையும் வேண்டாம். யுஎஸ்பி-சி சார்ஜர் போதும்.

பரணில் கிடக்கும் சாதாரண போர்டுக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. உப்பிய பேட்டரி என்றால் அழுத்தவோ குத்தவோ கூடாது. ஹீட்சிங்க்கும் ஃபேனும் போர்டிலேயே இருக்கட்டும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். பவர் பட்டன் பல மாடல்களில் கீபோர்டோடு வரும், அல்லது தனியாக ஒரு சின்ன போர்டில் இருக்கும். அதையும் குப்பையில் போட்டுவிட்டால் ஆன் செய்யத் திண்டாட வேண்டும். ஹெச்டிஎம்ஐ வழியே டிவியில் இணைத்து, பயாஸுக்குள் போய், மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடலாம். பேட்டரி இல்லாததால் கரண்ட் போன நொடியே சர்வரும் அணைந்துவிடும். ஒரு சிறு யுபிஎஸ் அவசியம். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் லினக்ஸ் போட்ட பிறகு, சும்மா இருக்கும் நேரத்தில் இந்தப் போர்டு இழுப்பது சுமார் 10 வாட். மாதம் முழுக்க ஓடினாலும் 7 யூனிட்தான்.

சர்வர் தயார். அதில் முதலில் எதை வைப்பது?

பத்தியாளர் முதலில் இறக்கியது மதுரைத் திட்டத்தின் நூல்களை. அதற்குப் பிறகு சர்வர் மறந்தே போனது.

தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாக இணையத்தில் வெளியிட 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளிலிருந்த தமிழர்கள் ஊதியம் எதுவுமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். 1330 குறளும் வெறும் எழுத்துக் கோப்பாக ஒரு எம்பிகூட வராது.

ஒவ்வொரு கோப்பின் தலைப்பக்கத்திலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று குறிப்பு இருக்கும். அந்தப் பக்கத்தை நீக்காமல் யாரும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதுதான் அவர்கள் வைத்த நிபந்தனை. பத்தியாளர் அன்றிரவு படித்ததெல்லாம் இந்தத் தலைப்பக்கங்களைத்தான். பகலில் வேறு வேலை பார்த்து, மிச்ச நேரத்தில் ஒற்றுப்பிழை திருத்தியவர்களின் பெயர்கள் அவை. அவர்களுக்குத் தமிழ் பட்டிருக்கும் கடன் பெரிது.

அவர்களுடைய உழைப்பு தப்பிப் பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்க காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். அவற்றில் ஒன்றான திஸ்கி குறியேற்றத்தில் அடித்த கோப்பை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தலையில் புள்ளியும் கோடும் போட்ட ரோமன் எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும். மதுரைத் திட்டத்தார் தங்கள் நூல்களைத் திஸ்கியோடு விட்டுவிடாமல் யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் தனி ஆட்கள் நடத்திய பல தமிழ்ப் பக்கங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாஹூ 2009 அக்டோபரில் தன் இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது, வேறெங்கும் பிரதி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் பல அதோடு போயின.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1990-களிலும் 2000-களிலும் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய குறுந்தகடுகளையும் ஹார்ட் டிஸ்குகளையும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். புரியாத எழுத்தாக வந்தால் அழித்துவிடாதீர்கள். திஸ்கியை யூனிகோடாக்க என்ஹெச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது, ஓப்பன்-தமிழ் பைத்தான் தொகுப்பு இருக்கிறது. மாற்றியதை இரண்டு இடத்திலாவது வையுங்கள். அதில் ஒன்று உங்கள் பரணில் கிடக்கும் மதர்போர்டாக இருக்கட்டும்.