ரிப்பேர் ஆகாதா, கட்டுப்படி ஆகாதா?

"மெஷின் போச்சு தம்பி. வேற மெஷின் போட்டுடலாம், 350 ரூபாய்."

புது செல் போட்டுப் பார்த்தார், முள் அசையவில்லை. ஒரே நிமிடத்தில் தீர்ப்பு!

அது என் தாத்தாவின் வாட்ச். 1984-ல் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ஜப்பான் குவார்ட்ஸ். தாத்தா போன வருடம் இறந்ததிலிருந்து பீரோவில் கிடந்தது. மெஷினை மாற்றிவிட்டால் அதில் தாத்தாவுடையது என்று என்ன மிச்சம்? திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருப்பது ரொம்பக் கொஞ்சம்தான் மக்களே. செல் கொடுக்கும் மின்சாரத்தில் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். சர்க்யூட் அதை 15 தடவை பாதி பாதியாகக் குறைத்து நொடிக்கு ஒரு துடிப்பாக்கும் (கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், கரெக்டாக 1 வரும்). அந்தத் துடிப்பு காயிலுக்குப் போய் குட்டி மோட்டாரைத் திருப்ப, பல்சக்கரங்கள் முள்ளை நகர்த்தும். எங்கே தடங்கல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதானே?

எஞ்சினியரிங் நண்பனிடம் மல்டிமீட்டர் கடன் வாங்கினேன். செல் 1.55 வோல்ட், நல்ல செல். அது தொடும் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தது, எப்போதோ பழைய செல் கசிந்திருக்கிறது. இயர்பட்ஸ் நுனியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்தேன். அப்போதும் ஓடவில்லை. காயிலின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 2 கிலோ ஓம் சொச்சம். அறுந்திருந்தால் ஒன்றுமே காட்டாது, ஆக காயிலுக்கு உயிர் இருக்கிறது! அந்தக் கம்பி தலைமுடியை விட மெல்லியது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் கதை கந்தல். எனக்கு ஒரு தடவை வழுக்கியது, நூலிழையில் தப்பியது. அதோடு மூடி வைத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆயில் காஞ்சு சக்கரம் ஒட்டிக்கிச்சு" என்றார். மொத்தமாகக் கழற்றிக் கழுவி ஆயில் போட்டுத் தர மூன்று நாள், 400 ரூபாய்.

ஆமாம், புது மெஷினை விட 50 ரூபாய் அதிகம். பி.காம் படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. பத்து நிமிட வேலைக்கு 350 கிடைக்கும்போது அந்தக் கடைக்காரர் எதற்கு அரை நாள் உட்கார்ந்து சக்கரம் கழுவ வேண்டும்? அதில் எனக்குக் கோபமே இல்லை. இன்றைய மலிவு பிளாஸ்டிக் மெஷின் என்றால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன். ஆனால் இது ஸ்க்ரூ போட்டு, கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த உலோக மெஷின்.

"கட்டுப்படி ஆகாது தம்பி" என்று சொல்லியிருக்கலாம். காசு என்னுடையது, முடிவை நான் எடுத்திருப்பேன். "போச்சு" என்றால் நான் முடிவெடுக்க என்ன இருக்கிறது? அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பேர் வீட்டு வாட்ச் குப்பைக்குப் போனதோ!

இப்போது ஓடுகிறது. பாட்டியிடம் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அவர் எப்பவும் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருப்பார்டா" என்றார்.

அஞ்சு நிமிஷம் தள்ளி வைத்துவிட்டேன்.