ஏழு பேர் வண்டின்னு எந்த மகராசன் சொன்னது?

டிஸ்கி: நான் ஓட்டினது எந்தக் கம்பெனி வண்டின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அக்கா வீட்டுக்காரர் இன்னும் இ.எம்.ஐ. கட்டிட்டு இருக்கார். குடும்பத்துல எதுக்குக் குழப்பம்? தவிர, என் கோவம் ஒரு கம்பெனி மேல இல்ல. அதைவிடக் கொஞ்சம் பெரிய கோவம்.

மக்களே, போன மாசம் மாமாவோட புது எஸ்.யூ.வி.யை ஓட்டற வாய்ப்பு கெடச்சுது. மூணு வரிசை, ஏழு சீட்டு, ரெண்டு லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். திரும்பி வந்ததும் "ஓட்டிப் பார்த்த அனுபவம்"னு ஒரு பதிவு தட்ட ஆரம்பிச்சேன். டார்க் எங்க கெளம்புது, டர்போ லேக் எவ்வளவு, ஸ்டீயரிங் எவ்வளவு எடைன்னு நாலு பக்கம் போச்சு. அப்புறம் மொத்தத்தையும் அழிச்சிட்டேன். ஏன்னு சொல்றதுக்குத்தான் இது.

முதல்ல, அழிச்சதுல இருந்த நல்ல விஷயத்தை ஒளிக்காம சொல்லிடறேன். வண்டி அருமையா ஓடுது. தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு வரைக்கும் வழக்கமான இழுபறி. திண்டிவனத்துக்கு அப்புறம் வண்டி நம்மளக் கேக்காமலேயே 100ஐத் தொட்டுட்டு, "இன்னும் என்ன?"ன்னு நிக்குது. உளுந்தூர்பேட்டையில திரும்பி கள்ளக்குறிச்சி, ஆத்தூர்னு போனா, லாரியைத் தாண்டறதுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டியதே இல்ல. கால லேசா அழுத்தினா போதும். உசரமா உக்காந்து ரோட்டைப் பாக்கறப்போ, ஆல்ட்டோக்காரன் எல்லாம் சின்னப் பசங்களாத் தெரியறான். இந்தத் திமிரு இருக்கே, அதுக்காகத்தான் பாதிப் பேர் இந்த வண்டியை வாங்கறாங்க. நானும் விதிவிலக்கு இல்ல.

போனது கொல்லிமலைக்கு. அக்கா பையனுக்குக் குலதெய்வம் கோயில்ல மொட்டை. வண்டியில சரியா ஏழு பேர். யார் எங்க உக்காரறதுன்னு யாரும் மீட்டிங் எல்லாம் போடல. நான் டிரைவர். மாமா வண்டிக்காரர், அதனால முன்சீட்டு. அப்பாவுக்கு நடு வரிசையில ஜன்னலோரம். சின்னவனோட சைல்டு சீட்டு நடு வரிசையிலதான் மாட்டியிருக்கு, அதனால அக்காவும் அங்கதான். மிச்சம் பின்னாடி ரெண்டு.

"நானும் குட்டியும் பின்னாடி போய்க்கறோம். எனக்கு எங்க உக்காந்தா என்ன?"ன்னாங்க அம்மா.

இது எங்கம்மா முப்பது வருஷமா சொல்ற டயலாக். கடைசித் தோசை, ஒடஞ்ச அப்பளம், ஃபேன் காத்து வராத மூலை, இப்போ மூணாவது வரிசை. அம்மாவுக்கு 56 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். மடக்கின நடுசீட்டுக்கும் கதவுக்கும் நடுவுல குனிஞ்சு, ஒரு கால உள்ள வச்சு, கைய எங்கயோ பிடிச்சு ஏறினதை நான் கண்ணாடியில பார்த்தேன். பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணிட்டேன். மூணாவது வரிசையை நிமித்திட்டா டிக்கியில எடம் கொஞ்சம்தான், அதனால தேங்காய்ப் பையும் துணிப் பையும் அம்மா காலடியில.

நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் தாண்டி காரவள்ளி. அங்கேர்ந்து மலை. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு. ஓட்டறவனுக்கு சொர்க்கம். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி எவ்வளவு சாயுது, கியர் எப்ப எறங்குதுன்னு ரசிச்சு ரசிச்சு ஓட்டினேன். "பாடி ரோல் ரொம்பக் கம்மி மாமா, இவ்ளோ பெரிய வண்டிக்கு இது ஆச்சரியம்"னு சிலாகிச்சிட்டு இருக்கறப்போதான், 37வது வளைவோ 38வதோ, பின்னாடியிலேர்ந்து அக்கா பொண்ணு குரல்:

"மாமா, அம்மாயி ரொம்ப நேரமா வாந்தி எடுக்கறாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்க."

ஓரங்கட்டினேன். அடுத்ததுதான் கொடுமை. அம்மாவால எறங்க முடியல. பின்னாடி இருக்கறவங்களுக்குன்னு தனிக் கதவு கெடையாது. அப்பா முதல்ல எறங்கணும், அவர் சீட்டை மடக்கணும், காலடிப் பையை எடுக்கணும், அப்புறம்தான் அம்மா. பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிக்கறார். எறங்கின அம்மா சொன்ன முதல் வார்த்தை, "ஒண்ணுமில்ல கண்ணு, சீட்டுல படல. பையிலதான் எடுத்தேன்."

இதுக்கு மேல டார்க் பத்தி எழுத எனக்கு மனசு வரல மக்களே.

திரும்பி வர்றப்போ மாமா ஓட்டினார். ஆத்தூர்லேர்ந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் நான் மூணாவது வரிசையில உக்காந்தேன். முட்டி நெஞ்சுக்குப் பக்கத்துல. தொடைக்குக் கீழ சீட்டே இல்ல, அந்தரத்துல நிக்குது. பெல்ட் இருக்கு, ஆனா அதை மாட்டற பக்கிள் சீட்டு இடுக்குல பொதைஞ்சு கெடந்தது. தோண்டி எடுத்தப்போதான் ஒறைச்சது: போறப்போ அம்மாவும் குழந்தையும் பெல்ட் போட்டிருந்தாங்களான்னு நான் கேக்கவே இல்ல. (போடல.)

ஏன் அப்படித் தூக்கிப் போடுதுங்கறதுல ரகசியம் ஒண்ணுமில்ல. டவுன் பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்தவங்களுக்குத் தெரியும். முன்சீட்டும் நடுசீட்டும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கு. மூணாவது வரிசை பின்சக்கர அச்சுக்கு மேலயோ, இன்னும் கொஞ்சம் பின்னாடியோ இருக்கு. வண்டி முன்னாடி அமுங்கி பின்னாடி எழும்பறப்போ அந்தக் கோடியில இருக்கறவங்களுக்குத்தான் ஆட்டம் அதிகம். கூடவே ரோடு தெரியாது, முன்சீட்டு முதுகுதான் தெரியும். காது 'திரும்பறோம்'னு சொல்லுது, கண்ணு 'அசையாம இருக்கோம்'னு சொல்லுது. இந்தச் சண்டைதான் வாந்தி. ஓட்டறவனுக்கு அடுத்த வளைவு எப்போன்னு தெரியும், அதனால அவனுக்குக் கொமட்டவே கொமட்டாது. அவன்தான் அப்புறம் வந்து "பாடி ரோல் கம்மி"ன்னு பதிவு எழுதுவான்.

எல்லாத்தையும் விட மோசமான நிமிஷம் டோல்கேட்ல வந்தது. க்யூவுல நிக்கறோம். என் தலைக்குப் பின்னாடி ஒரு சாண், நாலு விரல். அதுக்கப்புறம் கண்ணாடி. ஒரு பஸ் வந்து நின்னுது. திரும்பிப் பார்த்தா கண்ணாடி முழுக்க பஸ்ஸோட முகம்தான். அவருக்கு பிரேக் அரை செகண்டு லேட்டாப் பிடிச்சிருந்தா? அந்த சீட்டுலதான் அக்கா பொண்ணு, எட்டு வயசு, "எனக்குன்னு தனி ரூம் மாதிரி இருக்கு மாமா"ன்னு குஷியா உக்காந்துட்டு வந்தா.

வீட்டுக்கு வந்து ஸ்பெக் ஷீட்டா நோண்டினேன். நாமதான் பொட்டி தட்டறவங்களாச்சே. மூணு ஜோடி பாருங்க.

டாடா ஹாரியர் அஞ்சு சீட்டு, நீளம் 4598 மி.மீ. அதையே ஏழு சீட்டாக்கி 2021ல வந்த சஃபாரி 4661. கூடுதல் 63 மி.மீ. முன் பின் அச்சுக்கு நடுவுல இருக்கற தூரம் ரெண்டுக்கும் அதே 2741. எம்.ஜி. ஹெக்டர் 4655, 2020ல வந்த ஹெக்டர் ப்ளஸ் 4720. கூடுதல் 65. அச்சுத் தூரம் ரெண்டுக்கும் அதே 2750. ஹூண்டாய் மட்டும் 2021ல க்ரெட்டாவை அல்கஸாரா மாத்தறப்போ அச்சுத் தூரத்தையே 150 மி.மீ. இழுத்தாங்க. டொயோட்டாவும் 2022ல இன்னோவாவை ஹைக்ராஸா மாத்தறப்போ 2750ஐ 2850 ஆக்கினாங்க. ஆக, மனசு இருந்தா மார்க்கம் இருக்கு. ஆனா 63 மில்லிமீட்டர்னா எவ்வளவு தெரியுமா? மூணு, நாலு விரக்கடை. அந்த இடத்துலதான் ஒரு புது வரிசையே மொளைச்சிருக்கு. (டிக்கி எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?)

"5 ஸ்டார் வண்டிப்பா, பயப்படாத"ன்னு சொல்வீங்க. ஸ்டாரை நான் குறை சொல்லல. அது வந்ததாலதான் நம்ம ஊர் வண்டியெல்லாம் உறுதியாச்சு. ஆனா அது எதை அளக்குதுன்னு பாருங்க. 2023 அக்டோபர்ல பாரத் என்கேப் ஆரம்பிச்சப்போ வச்ச மோதல் டெஸ்ட் மூணு: முன்பக்கம் 64 கி.மீ. வேகத்துல, பக்கவாட்டுல 50, கம்பத்துல 29. முன்பக்க மோதல்ல பெரியவங்க பொம்மை ரெண்டும் முன்சீட்டுல. ஒன்றரை வயசு, மூணு வயசுக் குழந்தை பொம்மை ரெண்டும் அதுக்குப் பின்னாடி வரிசையில. மூணாவது வரிசையில பொம்மையே கெடையாது. பின்னாலேர்ந்து மோதற டெஸ்ட்டும் அந்த மூணுல இல்ல. அமெரிக்காவுல ஐ.ஐ.ஹெச்.எஸ். தன்னோட முன்பக்க மோதல் டெஸ்ட்ல பின்சீட்டுக்கு பொம்மை வச்சதே 2022 டிசம்பர்லதான். அதுவும் ரெண்டாவது வரிசைக்கு. இதை நம்ம ஆபீஸ்ல 'ஹேப்பி பாத் டெஸ்டிங்'னு சொல்லுவோம். எங்க உடையும்னு சந்தேகம் இருக்கோ அங்க மட்டும் டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்றது. டமேஜர்கிட்ட நான் அப்படிக் கோடு கொடுத்தா வேலை போயிடும்.

அரசாங்கமும் எஸ்.யூ.வி.யை அளந்துச்சு. 4 மீட்டருக்கு மேல நீளம், 1500 சி.சி.க்கு மேல இன்ஜின், 170 மி.மீ. தரை இடைவெளி இருந்தா அதிக செஸ்னு விதி. அந்த இடைவெளியை வண்டியில ஆள் ஏறாத நிலையில அளக்கணும்னு 2023 ஜூலையில ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவா சொல்லிச்சு. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் செஸ் போய், ஒரே 40 சதவீதம். வரி வாங்கறவங்க வண்டிக்கு அடியில ஸ்கேல் வச்சுப் பார்த்தாங்க. ஏழு பேர் ஏறின பிறகு ஏழாவது ஆளோட முட்டிக்கு முன்னாடி எவ்வளவு எடம்னு யாரு அளந்தா?

இப்போ வழக்கமா வர்ற ரெண்டு பின்னூட்டத்துக்கு முன்கூட்டியே பதில்.

"மூணாவது வரிசை எப்பவாவது, அதுவும் குழந்தைங்களுக்குத்தான் சார்." அய்யா, அதைத்தான் நானும் கேக்கறேன். பின்னாலேர்ந்து லாரி இடிச்சா முதல்ல நசுங்கற இடத்துல குழந்தையைத்தான் உக்கார வைப்பீங்களா?

"அந்தக் காலத்துல சுமோவுல பத்து பேர் போகலையா?" போனோம். நானே பக்கவாட்டு சீட்டுல பெல்ட் இல்லாம திருப்பதி போயிருக்கேன். போனது வீரம் இல்ல, அறியாமை. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி பால்கர் பக்கத்துல சைரஸ் மிஸ்திரி போன வண்டி சாதாரண வண்டி இல்ல, பென்ஸ். முன்னாடி இருந்த ரெண்டு பேர் பிழைச்சாங்க. பின்னாடி பெல்ட் போடாத ரெண்டு பேரும் போயிட்டாங்க. முன்னாடி பாத்து உக்காரற பின்சீட்டுக்காரங்களும் பெல்ட் போடணும்னு சட்டம் இருக்கு, 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குப் போடாட்டி ஓட்டறவனுக்கு 1000 ரூபா அபராதம். அந்த 1000 ரூபா குத்தவாளி கொல்லிமலையில நான்தான்.

அதனால சக பதிவர்களே, "ஓட்டிப் பார்த்த அனுபவம்" எழுதற அண்ணாத்தைகளே, ஒரே ஒரு வேண்டுகோள். குடும்ப வண்டின்னு பேர் வச்சா, குடும்பத்துல கடைசி சீட்டு யாருக்குப் போகுதோ அங்கேர்ந்து எழுதுங்க. ஒரு மணி நேரம், பையெல்லாம் ஏத்தி, ஏழு பேரோட, மூணாவது வரிசையில. பக்கிள் கைக்கு எட்டுதா, ஏசி வருதா, ரோடு தெரியுதா, தலைக்கும் கண்ணாடிக்கும் எத்தனை விரல், எறங்க எத்தனை நிமிஷம். இதை எழுதின பிறகு டார்க் பத்தி எழுதுங்க, நானே வந்து கைதட்டறேன்.

வாங்கப் போறவங்களுக்கும் அதேதான். டெஸ்ட் டிரைவ்க்கு நண்பனைக் கூட்டிட்டுப் போகாதீங்க, அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. "எனக்கு எங்க உக்காந்தா என்ன"ன்னு சொல்றவங்கதான் உங்க வீட்டு டெஸ்டர். அவங்க 'பக்' ரிப்போர்ட் பண்ண மாட்டாங்க. நாமதான் போய்ப் பாக்கணும்.

வீட்ல இப்போ புது ரூல் போட்டிருக்கோம். அஞ்சு பேருக்கு மேல போனா ரெண்டு வண்டி, இல்லாட்டி பஸ். தவிர்க்கவே முடியாம மூணாவது வரிசையை நிமித்தினா, அங்க உக்காரறது நானும் மாமாவும். அம்மா முன்சீட்டு. போன வாரம் செங்கல்பட்டு கல்யாணத்துக்கு அப்படித்தான் போனோம். மதுராந்தகத்து அத்தையையும் ஏத்திக்க வேண்டியிருந்ததால ஏழு பேர், அக்காதான் ஓட்டினா. முன்னாடி உக்காந்து ரோட்டைப் பார்த்துட்டே வந்த அம்மா, திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "இவ்ளோ நல்ல வண்டியா கண்ணு இது?"

பி.கு: மாமா இதைப் படிச்சா, மூணாவது வரிசையை நிரந்தரமா மடக்கி வைக்கறதுக்கு இதையே விண்ணப்பமா எடுத்துக்கவும் :-)