சஸ்திர சிகிச்சைக்குப் பின் எத்தனை படங்கள்?

புற்றுநோய்க் கட்டியைச் சஸ்திர வைத்தியர் அறுத்தகற்றியபின் நோயாளி வீடு திரும்புகிறார். காயம் ஆறுகிறது, மனம் ஆறுவதில்லை. போன நோய் மீண்டு வருமோ என்னும் ஐயம் அவரையும் அவர் சுற்றத்தாரையும் வருத்திக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதத்திற்கொரு முறை தலைமுதல் கால்வரை படமெடுத்துப் பார்த்துவிட்டால் கவலையில்லை என்பது பலருடைய எண்ணம். படித்தவரிடத்தும் இவ்வெண்ணம் வேரூன்றியிருத்தலால், அஃது எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

படங்களின் பெருமையைக் குறைத்துக் கூற நாம் வந்தோமில்லை. 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் பண்டிதர் எக்ஸ் கிரணங்களைக் கண்டறிந்தார். 1971-இல் லண்டன் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில், ஹௌன்ஸ்பீல்ட் என்பவர் அமைத்த ஸி.டி. ஸ்கான் யந்திரம் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் படலம் படலமாகக் காட்டிற்று. பெட் ஸ்கான் இன்னும் வியப்புடையது. புற்றணுக்களிற் பல சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வன. ஆதலின், ஏறக்குறைய 110 நிமிஷத்திற்கொரு முறை பாதியாகத் தேயும் கதிரியக்க ப்ளூரினைச் சர்க்கரை போன்றதொரு பொருளோடு இணைத்து இரத்தத்திற் செலுத்தி, அஃது எங்கெங்கே தங்குகிறதெனப் பார்க்கின்றனர்.

ஆனால் சர்க்கரையை விரும்புவது புற்றணு ஒன்றேயன்று. மூளையும் விரும்பும், அழற்சியுற்ற தசையும், ஆறிவரும் அறுவைக் காயமும் விரும்பும். க்ஷயரோகம் மலிந்த நம் தேசத்தில், க்ஷயத்தால் வீங்கிய நிணநீர்க் கழலையும் புற்றைப் போலவே ஒளிர்ந்து நிற்பதுண்டு. ஒளிர்ந்த இடத்தை ஊசியாற் குத்திச் சோதித்து, ஒன்றுமில்லை என்ற சொல் காதில் விழும்வரை அக்குடும்பத்தார் படும் பாடு சிறிதன்று. மிகச் சிறிய புற்றுப் படிவமோ படத்தில் தோன்றாமலே ஒளிந்திருத்தல் கூடும். வயிற்றை ஒரு முறை ஸி.டி. எடுப்பதால் உடலிற் சேரும் கதிர், இயற்கையில் ஏறத்தாழ மூன்று வருஷத்திற் சேரும் அளவினது. பணச் செலவைப்பற்றி நம் நாட்டாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

போகட்டும், முன்கூட்டிக் கண்டால் ஆயுள் நீளுமாயின் இவையனைத்தையும் பொறுக்கலாம். நீளுமா? இத்தாலி தேசத்தில் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 1,320 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு எலும்பு ஸ்கான், மார்பு எக்ஸ்-ரே, கல்லீரலின் ஒலியலைப் படம் ஆகியன காலந்தவறாமல் எடுக்கப்பட்டன. மற்றைப் பிரிவினர்க்கு வைத்தியர் பரிசோதனையும் வருஷாந்தர மாமோகிராமும் மட்டுமே. நோய்க்குறி தோன்றினாலன்றி வேறு படமில்லை. இறந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 20, இரண்டாவதில் 18. எலும்பிலும் கல்லீரலிலும் பரவிவிட்ட மார்பகப் புற்றைச் சில மாதம் முந்திக் கண்டதனால் அதனை வேரறுக்க இயலவில்லை. முந்திக் கிடைத்தது துயரச் செய்தி மட்டுமே. அதன்பின் புதிய மருந்துகள் பல வந்துள்ளன. எனினும், குறியொன்றுமில்லாதார்க்கு மாமோகிராமுக்கு மேற்பட்ட படங்கள் வேண்டா என்பதே இன்றளவும் பெரும்பாலான வைத்திய சங்கங்களின் கொள்கை.

பெருங்குடற் புற்றின் கதை வேறு. அது கல்லீரலிலோ நுரையீரலிலோ ஓரிடத்தில் மட்டும் முளைக்குமாயின், அவ்விடத்தை அறுத்தெடுத்துப் பிழைக்கச் செய்தல் சிலரிடத்து இயலும். இங்கிலாந்தில் 1,202 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, குறைந்த கண்காணிப்பில் இருந்தோருள் நூற்றுக்கு 2.3 பேரே குணமாக்கும் நோக்கத்தோடு மறுபடியும் சஸ்திர சிகிச்சை பெற்றனர், ஸி.டி. எடுக்கப்பட்டோருள் நூற்றுக்கு 8 பேர். மரணத் தொகை குறைந்ததோவெனில், இல்லை. ஸ்வீடன், டென்மார்க் முதலிய தேசங்களில் 2,509 பேரை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவும், படங்களை அடிக்கடி எடுத்தோர்க்கும் அரிதாக எடுத்தோர்க்கும் ஐந்தாண்டு மரணத்திற் கணக்கிடத்தக்க வேற்றுமையில்லை என்றே காட்டிற்று. ஆயினும் இந்நோயிற் குறித்த காலத்தில் ஸி.டி. எடுப்பதை நாம் ஆதரிக்கிறோம். கண்டபின் செய்வதற்கு ஒன்று உண்டு. எண்ணிக்கையை மேன்மேலும் பெருக்குவதையே மறுக்கிறோம்.

ப்ராஸ்டேட் சுரப்பியை அகற்றியவரிடத்து வழங்கும் முறை நமக்கு மிகவும் உவப்பானது. அங்கே முதலிற் பேசுவது இரத்தம். பி.எஸ்.ஏ. என்னும் பொருள் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.2 நானோகிராமை எட்டி, மறு சோதனையிலும் அது உறுதிப்பட்டால், நோய் மீண்டதாகக் கொள்வர். அதன் பின்னரே இடமறியப் பெட் ஸ்கானை நாடுவர்.

ஸ்கான் சுத்தமாயிருக்கிறது என்ற தைரியத்தால், புதிதாய்த் தோன்றிய கட்டியையும் நீங்காத எலும்பு வலியையும் அடுத்த தவணைவரை பொறுத்திருப்போரும் உளர். ஆதலால், வைத்தியத் தொழில் புரியும் நம் பழைய மாணவர்களை ஒன்று வேண்டுகிறோம். புற்றுக்குச் சஸ்திர சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் எழுதிய தாளொன்றைக் கொடுங்கள். எந்தச் சோதனை எப்பொழுது, அதனாற் சிகிச்சையில் எது மாறும், எந்தக் குறி தோன்றினால் தவணைக்குக் காத்திராமல் உடனே வரவேண்டும் என்பன அதிலிருக்கட்டும். ஒரு பக்கம் போதும்.