கோப்பிணைத்தலும் பாடபேதமும்

சென்ற பருவத்தில் மாணவர் சிலர் கூடி, ஒரு நூலின் மூன்று பிரதிகளைக் கணினியில் தனித்தனிக் கோப்புகளாகத் தட்டெழுதினோம். 1971-ஆம் ஆண்டின் யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே இருந்த 'கேட்' என்னுங் கட்டளையால் அவற்றை இமைப்பொழுதில் ஒன்றாக்கினோம். ஒத்த அடிகள் அருகருகே அமையுமாறு 'சார்ட்' என்பதனால் நிரல்படுத்திக் களித்தோம். (அந்நிரல் யூனிகோடு எண்வழியதாகலின் னகரம் நகரத்தை அடுத்து நின்றது வேறு கதை.) ஓரடியில் ஐயம் எழவே, "இஃது எப்பிரதியின் பாடம்?" என்று ஆசிரியர் வினவினார். வாய்வாளாது நின்றோம்.

கட்டளை வழுவிற்றன்று, கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுக்குவதே அதன் தொழில். வழுவினோர் நாமே. அடையாற்றையடுத்த பெசன்ட் நகரில் எவர் பெயரால் நூல்நிலையம் விளங்குகின்றதோ, அந்த உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியும் வேறுபட்ட பாடங்களை மறைத்தாரல்லர், அடிக்குறிப்பிற் காட்டினார்.

கணினியிலும் அது கூடும். 'கிரெப்' என்னுங் கட்டளையைத் தேடுசொல்லின்றி வெற்று மேற்கோட்குறியோடு பல கோப்புகள்மீது ஏவின், ஒவ்வொரு வரியின் தலையிலும் அதன் கோப்புப்பெயரைப் பொறித்துத் தரும். அப்பெயரை விலக்கி வரியை மட்டும் நோக்கி நிரல்படுத்தச் 'சார்ட்' அறியும். இதனை வீண்வேலை என்பாரோடு நாம் உடன்படோம். மூன்று கோப்புகளையும் இவ்வாறே மீண்டும் இணைக்கத் தொடங்கியுள்ளோம்.