ஜன்னலை மாற்றும் முன்

நோயுற்றவர் வீடு திரும்பும் வேளையில் வீட்டையும் செப்பனிட்டுவிட வேண்டும் என்று நினைப்பது நம் குடும்பங்களின் இயல்பு. தா.பழூர் வட்டாரத்திலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வருவோர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஜன்னல் போடலாமா? இரட்டைக் கண்ணாடி போட்டால் தூசியே வராது என்கிறார்களே, அது உண்மையா? மூச்சு நோயாளியின் மகனோ மருமகளோ அன்பினால் கேட்கும் கேள்வி இது. மருத்துவச் செலவால் ஏற்கெனவே நலிந்திருக்கும் குடும்பம் இன்னொரு பெருஞ்செலவில் இறங்கும் முன் எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காற்றையோ ஆர்கான் வாயுவையோ அடைத்து, விளிம்பை இறுக மூடிய அமைப்பு. அடைபட்ட வாயுவின் வழியே வெப்பம் எளிதில் கடப்பதில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் உண்டாக்கிய வெப்பத்தை வெளியே விடாமல் காக்க வேண்டிய இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளுக்கு அது இன்றியமையாதது. அங்கு வாழும் நம் உறவினர் அதன் பெருமையைச் சொல்வதில் வியப்பில்லை. கொள்ளிடக் கரையில் நமக்குள்ள சிக்கல் வேறு. தெளிந்த கண்ணாடி ஒன்றானாலும் இரண்டானாலும் நேர்வெயிலின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெப்பம் மூடிய அறையில் தங்கிவிடும். வெயிலைத் தடுப்பதில் கண்ணாடியைவிட வலியது, அதற்கு வெளியே விழும் நிழல். சன்ஷேடு, தாழ்வாரம், கீற்றுப் பந்தல், மேற்குச் சுவரோரம் ஒரு வேப்பமரம் ஆகியவை செய்யும் வேலையைக் கண்ணாடியால் மட்டும் செய்ய இயலாது. குளிர்சாதனம் நெடுநேரம் இயங்கும் அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஓரளவு மின்செலவைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. அந்த நிலையில் இல்லாத வீட்டுக்கு அது வேண்டாத செலவு.

மருத்துவர் என்ற முறையில் எங்கள் கவலை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. ஜன்னலின் முதற்பணி காற்றை மாற்றுவது. காசநோய்க் கிருமி இருமலின்போது நுண்துளிகளாக வெளிப்பட்டு, அடைத்த அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். வெளிக்காற்று வந்து போகும் அறையில் அது நீர்த்துப்போகும். பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் அளந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டியது. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைத்தபோது அறையின் காற்று மணிக்கு ஏறத்தாழ 28 முறை மாறியது. தொற்று அபாயம் மிகுந்த அறைகளுக்கு இயந்திரக் காற்றோட்டத்தில் பரிந்துரைக்கப்படும் அளவு மணிக்கு 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட நன்கு சுவாசித்தன என்பதும் அந்த ஆய்வின் முடிவு. நம் பாட்டன்மார் முற்றம் வைத்துக் கட்டிய வீடுகளை நினைத்துப் பார்க்கலாம்.

இதனால் காசநோயாளியைக் கண்டு வீட்டார் அஞ்ச வேண்டும் என்று பொருளன்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்ததை உலகுக்குக் காட்டியது. உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. முறையாக மருந்துண்ணும்போது பரவும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. ஆகவே மருந்தே முதன்மையானது. திறந்த ஜன்னல் அதற்குத் துணை.

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் வீட்டார் சொல்லும் காரணம் தூசி. நெடுஞ்சாலையோரத்திலும், சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் செல்லும் வழியிலும் குடியிருப்போர் ஜன்னலை மூடத் துடிப்பதை நாங்கள் உணர்கிறோம். ஆனால் மூடிய ஜன்னல் வெளித்தூசியை நிறுத்தும்போது உள்புகையையும் சிறைப்பிடிக்கிறது. விறகடுப்பு, கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, பீடி ஆகியவற்றின் புகை நுரையீரலுக்குச் சாலைத் தூசியைவிட நல்லதன்று. பெரும்பாலான வீடுகளில் பொருத்தப்படும் குளிர்சாதனப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. எனவே சாலைப்புற ஜன்னலைப் போக்குவரத்து மிகுந்த நேரத்தில் மூடி, கொல்லைப்புற ஜன்னலைத் திறந்து வைப்பதே நடைமுறைக்கு உகந்தது. இரவு முழுதும் லாரிச் சத்தத்தால் உறக்கம் கெடுமானால், சாலையை நோக்கிய அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடி போடுவதில் நியாயமுண்டு. வீடு முழுவதற்கும் அந்த நியாயம் பொருந்தாது.

மாற்றியே ஆக வேண்டிய ஜன்னல்களும் உண்டு. கரையான் அரித்த நிலை, மழைநீர் இறங்கிப் பூஞ்சை பிடித்த சட்டம், திறக்கவே வராத கதவு ஆகியவை நோயாளிக்குக் கேடு. அவற்றை மாற்றும்போது விலைக்கும் அழகுக்கும் முன்னர் ஒன்றைக் கேளுங்கள்: இது எவ்வளவு திறக்கும்? 4 அடிக்கு 4 அடி ஜன்னலின் பரப்பு 16 சதுர அடி. இரண்டு கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் ஸ்லைடிங் ஜன்னலானால் ஒரு வேளைக்கு 8 சதுர அடிதான் திறக்கும். கீல் வைத்து வெளிப்புறம் திறக்கும் ஜன்னல் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கும் வெளிக்காற்றுக்கான திறப்பு வேண்டும் என்கிறது. 100 சதுர அடி அறைக்கு முறையே 10, ஏறத்தாழ 17 சதுர அடி. வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும் என்பதையும் மறவாதீர்கள்.

யு.பி.வி.சி. சட்டத்தைக் கரையான் அரிக்காது; துருவும் பிடிக்காது. அதனுள்ளே துருப்பிடிக்காத பூச்சிட்ட இரும்புக் குழல் செருகப்பட்டுள்ளதா என்று கேட்டுப் பெறுங்கள். தரையளவு இறங்கும் கண்ணாடியும் கதவுக் கண்ணாடியும் உடைந்தால் கூர்துண்டுகளாகாத டஃபன்டு வகையாக இருக்கட்டும். கொசுவலை கழற்றிக் கழுவும்படி அமைய வேண்டும். தூசி படிந்த வலை காற்றையே மறித்துவிடும்.

வேலை நடக்கும் நாட்களில் நோயாளியை வேறு வீட்டில் தங்கவையுங்கள். பழைய சுவரை இடிக்கும்போது எழும் தூசியில் பூஞ்சை வித்துகள் கலந்திருக்கும். புற்றுநோய் மருந்து பெறுவோருக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அவை உயிருக்கே தீங்காகலாம். புதிய பெயின்ட் வாடை ஆஸ்துமாவைத் தூண்டும்.

கையிருப்பு ஒரு வேலைக்கே போதுமானால், ஜன்னலைவிட முந்த வேண்டியது கழிவறைக் கதவு என்பது எங்கள் உறுதியான கருத்து. பக்கவாதத்தாலோ முதுமையாலோ தளர்ந்தவர் உள்ளே கதவை ஒட்டி விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க இயலாது. அவர் உடலே அதைத் தடுக்கும். கதவு வெளிப்புறம் திறக்கட்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கக்கூடியதாக இருக்கட்டும். நம் வீடுகளில் இரண்டரை அடிக் கழிவறைக் கதவு வழக்கம். சக்கர நாற்காலியே இரண்டடிக்கு மேல் அகலமுடையது. தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டும். 3 அடி அகலமுள்ள திறப்பும், படி இல்லாத வாசலும், பிடித்து நிற்க ஒரு கைப்பிடியும் அமைந்தால், எழுந்து நடக்கத் தொடங்கியவர் மீண்டும் எலும்பு முறிந்து எங்களிடம் வருவதைத் தவிர்க்கலாம்.

ஆகவே செலவின் வரிசை இவ்வாறு அமையட்டும்: முதலில் கழிவறைக் கதவு, அடுத்துச் சமையலறைப் புகை வெளியேற வழி, பிறகு ஜன்னலுக்கு வலையும் நிழலும், அதன்பின் பழுதான ஜன்னல், எல்லாம் முடிந்து கைப்பொருள் மிஞ்சினால் இரட்டைக் கண்ணாடி. கடன் வாங்கிக் கண்ணாடி போட்டுவிட்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது கழிவறைக் கதவின் அகலத்தையும் நோயாளி படுக்கும் அறையின் அளவையும் எழுதி எடுத்து வாருங்கள். எது முதலில் தேவை என்பதை நாம் சேர்ந்தே முடிவு செய்யலாம்.