2050 டார்கெட் சரி, வருஷ ஸ்டேட்மென்ட் கேளுங்க!

ரிட்டையர்மென்ட்டுக்கு எஸ்ஐபி போட்டுட்டு, முப்பது வருஷம் ஸ்டேட்மென்ட்டே பார்க்காம இருப்பீங்களா?

சென்னை மாநகராட்சி 2023-ல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2018-19 கார்பன் கணக்குதான் தொடக்கம். 2050-க்குள் நிகர பூஜ்ஜியம்தான் இலக்கு. அம்பத்தூர் இதுக்குள்ள வரும். ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி தனி நகராட்சி. வீடு ஆவடி, வேலை அம்பத்தூர் எஸ்டேட்னா, உங்க பைக் புகை யார் கணக்கு?

என் கருத்து இதுதான்: மூணு உள்ளாட்சிகளும் தெருவிளக்கு கரண்ட், குப்பை வண்டி டீசல், தரம் பிரிக்காத குப்பை இந்த மூணையும் வருஷா வருஷம் பட்ஜெட்டோட சேர்த்து வெளியிடணும். மின்சாரமும் டீசலும் குறைஞ்சா, மிச்சமாகிறது நம்ம வரிப்பணம். வாடகை வீட்டுல இருந்தாலும், சொத்து வரி உங்க வாடகையில அடங்கியிருக்கு.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துல கவுன்சிலர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "போன வருஷம் எவ்வளவு குறைஞ்சது?"