கூடப்பிறந்தவளுக்குக் கொடுத்தால் கணக்கில் வராதா?

“தங்கச்சிக்குக் குடுக்கிறதெல்லாம் குடும்பச் செலவு பாய். அது சதக்காவுல சேராது.”

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது எனக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் ஓதாதவர் அல்ல, இல்லாதவரும் அல்ல. வளைகுடாவில் சம்பாதித்து ஊரோடு வந்து சேர்ந்தவர். மினாராவுக்கு டைல்ஸ் பதிக்க அவர் கொடுத்த தொகையை அப்போதுதான் மைக்கில் வாசித்து துஆச் செய்திருந்தார்கள். அதே தெருவின் கடைசி வீட்டில் அவருடைய தங்கை இருக்கிறார். கணவர் மவ்த்தாகிவிட்டார். ஜாக்கெட் தைத்துத்தான் பிழைப்பு. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் படிப்புக்கு ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

ஒருவரின் குணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எந்த ஊர்ப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். வெளியாளுக்குக் கொடுத்தால் தர்மம், சொந்தக்காரனுக்குக் கொடுத்தால் தண்டம். பள்ளிக்குக் கொடுத்தால் மறுமைக்குச் சேமிப்பு, தாய்மாமனுக்குக் கொடுத்தால் கையை விட்டுப் போன காசு. இந்தக் கணக்கை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? குர்ஆன் சொல்லவில்லை. எதைச் செலவிடுவது என்று கேட்டவர்களுக்கு அல்பகரா அத்தியாயத்தின் 215ஆம் வசனம் யாருக்குச் செலவிடுவது என்று வரிசை போட்டுக் காட்டுகிறது. முதலில் பெற்றோர், அடுத்து உறவினர், அதற்குப் பிறகுதான் அநாதையும் ஏழையும் வழிப்போக்கரும். நாம் அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பைருஹா தோட்டத்தின் கதையை எல்லா ஆலிம்களும் பயானில் சொல்கிறார்கள். எல்லோரும் சுப்ஹானல்லாஹ் சொல்கிறோம். அதன் பாதி மட்டும்தான் நம் காதில் ஏறுகிறது. மதீனாவின் அன்சாரிகளில் பேரீச்சந்தோப்பு அதிகம் வைத்திருந்தவர் அபூதல்ஹா (ரலி). பைருஹா அவருக்கு உயிர். நபி (ஸல்) அவர்கள் அதற்குள் போய் அங்கிருந்த நல்ல தண்ணீரைக் குடிப்பது வழக்கம். விரும்புவதைக் கொடுக்காதவரை நன்மையை அடைய முடியாது என்ற ஆலஇம்ரான் வசனம் இறங்கியதும், அவர் அந்தத் தோட்டத்தையே அல்லாஹ்வுக்காகக் கொண்டுவந்து நபியவர்களிடம் ஒப்படைத்தார். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் சங்கதி. அதை உம் உறவினர்களுக்கே கொடுத்துவிடும் என்பதுதான் நபியவர்கள் சொன்ன யோசனை. உபை பின் கஅபும் ஹஸ்ஸான் பின் ஸாபித்தும் பங்கு பெற்றார்கள். இருவரும் அவருடைய சொந்தக்காரர்கள்.

அந்தத் தோட்டம் எங்கே இருந்தது தெரியுமா? மஸ்ஜிதுந் நபவிக்கு நேர் எதிரே. அந்தப் பள்ளியின் நிலைமை என்ன? கூரை பேரீச்ச மட்டை, தூண் பேரீச்ச மரம். ஒரு ரமலான் இரவில் மழை பெய்து, கூரை ஒழுகி, நபியவர்கள் ஈர மண்ணில் ஸஜ்தா செய்து, நெற்றியில் சேறு படிந்திருந்ததை ஸஹாபாக்கள் பார்த்திருக்கிறார்கள். எதிரே இருந்த தோட்டத்தைப் பள்ளிக்கு வாங்கிக்கொண்டால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? வாங்கவில்லை. சொந்தக்காரனுக்குக் கொடு என்றார்கள். நம் மினாராவோ ஒழுகக்கூட இல்லை. டைல்ஸ் இல்லை என்பதுதான் அதன் ஒரே குறை.

வீட்டுச் செலவு நன்மையில் சேராது என்கிறவர்களைக் கேட்கிறேன். அல்லாஹ்வின் பாதையிலும், அடிமையை விடுவிக்கவும், ஏழைக்கும், வீட்டாருக்கும் செலவிட்ட தீனார்களில் வீட்டாருக்குச் செலவிட்டதற்கே கூலி அதிகம் என்று முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறதே, அது யாருக்காகச் சொன்னது? ஏழைக்குக் கொடுத்தால் ஒரு நன்மை, உறவில் இருக்கும் ஏழைக்குக் கொடுத்தால் தர்மத்துக்கு ஒன்று, உறவைச் சேர்த்ததற்கு ஒன்று என இரண்டு என்று வந்திருக்கிறதே, அது யாருக்கு? இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப், தம் ஏழைக் கணவருக்கும் தாம் வளர்க்கும் அநாதைகளுக்கும் கொடுக்கலாமா என்று பிலால் (ரலி) மூலம் கேட்டனுப்பியபோதும், இரண்டு கூலி உண்டு என்பதுதான் பதிலாக வந்தது. கட்டிய கணவனுக்குக் கொடுத்தது சதக்காவில் சேரும்போது கூடப்பிறந்த தங்கைக்குக் கொடுப்பது எப்படிச் சேராமல் போகும்?

சிலர் ஜகாத் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஜகாத் கொடுக்க முடியாது என்பது உண்மை. அவர்களைப் பராமரிப்பதே நம் கடமை. ஆனால் ஏழையாகிவிட்ட தங்கைக்கு ஜகாத்தே போகும். விரும்பிக் கொடுக்கும் சதக்காவுக்கு அந்த வேலிகூடக் கிடையாது.

இன்னும் சிலருக்கு, அவள் வாய் சரியில்லை, செய்ததை மறந்துவிட்டாள் என்பது சாக்கு. மிஸ்தஹ் செய்ததைவிடவா? அபூபக்ர் (ரலி) அவர்களின் காசில் வயிறு வளர்த்த அந்த உறவுக்காரர், அவருடைய மகள் ஆயிஷா (ரலி) மீதே அவதூறு பேசியவர்களோடு சேர்ந்துகொண்டார். இனி இவனுக்குக் காசில்லை என்று அபூபக்ர் சத்தியம் செய்தபோது, மன்னித்துவிட்டுக் கொடுங்கள் என்று அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கியது. அவரும் நிறுத்தியதைத் திரும்பக் கொடுத்தார். உன் தங்கை உன் மகளைப் பழித்தாளா? அண்ணன் காசு தரவில்லையே என்று நாலு பேரிடம் அழுதிருப்பாள், அவ்வளவுதான்.

உண்மைக் காரணம் வேறு. தங்கைக்குக் கொடுத்தால் மைக்கில் பெயர் வராது. பளிங்கில் வெட்ட மாட்டார்கள். ரமலான் வந்தால் அரிசி மூட்டையை ஒரு முனையில் இவரும் மறு முனையில் ஓர் ஏழைக் கிழவியும் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதைப் பார்க்கிறோமே, தங்கையை அப்படி நிறுத்த முடியாது. ஜகாத் சேலைக்காகப் பெண்களை வெயிலில் வரிசையில் நிற்க வைக்கும் ஊரில் நாம் தர்மத்தைப் பற்றிப் பேசவே கூச வேண்டும். சொல்லிக்காட்டியும் மனம் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற வசனத்தைத் தராவீஹில் நின்று கேட்கிறோம். காலையில் மூட்டையோடு போட்டோவுக்கு நிற்கிறோம்.

வட்டி ஹராம் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். அந்தத் தங்கையின் தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் அடகுச் சீட்டு மடித்துக் கிடக்கிறது. ஒவ்வொரு மாதமும் வட்டி கட்டுகிறார். அவரை அந்த வட்டிக்கடைக்கு அனுப்பியது யார்? அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வாப்பாவின் வீட்டிலும் மனையிலும் அவருக்குச் சேரவேண்டிய பங்கு என்ன ஆனது? மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று என்று குர்ஆனே பிரித்துக் கொடுத்ததைக் கல்யாணத்துக்குச் செய்துவிட்டோம் என்று சொல்லி விழுங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கல்யாணச் செலவிலும் பெரும்பகுதி மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய கைக்கூலி. மார்க்கம் தராதே என்றதைத் தந்துவிட்டு, தா என்றதைப் பிடித்துவைத்துக்கொள்கிறோம். பங்கைக் கொடுக்காமல் கட்டும் மினாரா தங்கையின் காசில் எழும்புகிற மினாரா.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பெரிய தொகையோடு வருகிறவருக்கு ரசீது எழுதுமுன், உங்கள் குடும்பத்தில் கஷ்டப்படுகிறவர் யாராவது உண்டா, உங்கள் சகோதரிகளின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்களா என்று கேளுங்கள். கஷ்டப்படுகிறவர் இருந்தாலோ பங்கு கொடுக்காமல் இருந்தாலோ பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அங்கே முதலில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பைருஹாவைக் கொண்டுவந்தவருக்கே உறவினர்களைத்தான் காட்டினார்கள் நபியவர்கள். பள்ளியின் வசூல் குறையும், டைல்ஸ் வேலை தள்ளிப்போகும். போகட்டும். டைல்ஸ் இல்லாத பள்ளியில் தொழுத தொழுகை கூடும். தங்கையின் பங்கை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு மறுமையில் சொல்ல ஒரு பதிலும் இருக்காது.